வாணத்துக்குக் கூட்டின கரி

யாரோ ரெண்டு பேர் பேசினது உனக்கெதுக்குடி? அடுத்தவா சமாசாரம்னா காது நீண்டுடும். சரி, கேளு.

தம்பானூர் ஸ்டேஷன்ல டிக்கெட்டுக்கு நிக்கறேன். முன்னாடி ஒரு ஒல்லி குமாஸ்தாவும் அவன் மச்சினனும்.

"வேகம் அடங்காமத்தான் என் குடித்தனமே போச்சு"ன்னான் குமாஸ்தா.

"கரியைக் கூட்டினேளா, அத்திம்பேர்?"

"போன தீபாவளிக்கு மருந்துல கூட்டலை. நானே பண்ணி விட்ட வாணம் கிளம்பறதுக்குள்ள வெடிச்சு, உங்கப்பாவோட மாட்டுக்கொட்டில் எரிஞ்சுது. இன்னும் உங்கக்காவை அனுப்பமாட்டேங்கறார்."

"இப்போ?"

"கரி கூட்டினப்புறம் மருந்து நெதானமா எரியறது. நேத்து விட்டது தென்னைக்கு மேல போய்த்தான் வெடிச்சுது."

"அப்போ அப்பா முன்னாடி ஒண்ணு விட்டுக் காட்டுங்கோ. அக்காவைக் கையோட அழைச்சுண்டு வந்துடலாம்."

"மாடு மிரளுமே?"

"மாட்டை நான் பிடிச்சுக்கறேன். நீங்க அப்பாவைப் பிடிச்சுக்கோங்கோ."

ஆத்துக்கு வந்து தெருக்காராள்ட்ட வாணம்னு நான் சொல்லவே இல்லை. "ஆம்படையானுக்கு வேகம் ஜாஸ்தின்னா கரியைக் கூட்டணுமாம், குடித்தனம் நெலைக்குமாம்"னு மட்டும்தான் சொன்னேன். அவா காதுல கறின்னு விழுந்தா நானா பொறுப்பு? அன்னிக்கு எங்க ஸ்ரீவராகத்துல எல்லா ஆத்துலயும் கத்திரிக்கா, வாழக்கா, சேனைன்னு மூணு கறி.