பால்துரையின் பெயர்ப் பட்டியல்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் பொன்னுதுரை அண்ணாச்சி அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் மேலதிகாரி அவர்களே, துறைமுகத்திலிருந்து வேலை உடுப்போடு வந்து நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் செல்லக்கனி அம்மா! உங்கள் கணவர் பால்துரையைப் பற்றிப் பேச அழுதுகொண்டேதான் வந்தேன். மேடையைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. இப்போது என்னிடம் இருப்பது கோபம் மட்டும்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆக்னஸ். தொழிலாளர் பதிவு அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்குப் போகும் அட்டைகளில் துளை போடுகிறவள். பதிவாளர் பால்துரை எழுதிக் கொடுத்ததை ஏழு வருடமாக அட்டையில் ஏற்றியவள்.

துறைமுகத்தில் ஒருவன் அடிபட்டால் இரத்தத்துக்கு ஊரெல்லாம் ஓடியதை நாம் மறந்துவிட்டோமா? அந்த ஓட்டத்தை நிறுத்தியவர் யார்? பதிவாளர் பால்துரை! யாருக்கு எந்த வகை இரத்தம் என்று பட்டியல் போட்டவர் அவர். அட்டைகள் ரயிலில் சென்னைக்குப் போகும். அங்கே கம்ப்யூட்டரில் அச்சாகித் திரும்பி வரும். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வரிசையில்தான் விவரங்களை வைப்பார்கள். பால்துரை ஸ்னோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்று வந்தார். அதில் எண் வேண்டாம். ஒரு மனிதனின் பெயரை எழுத்து மாறாமல் கொடுத்தால் அந்தப் பெயரே சாவி. அவனுடைய விவரம் திறந்துகொள்ளும். "மனுசன நம்பர் சொல்லியா கூப்பிடுதோம்? பேரச் சொன்னாத்தானக்கா திரும்பிப் பாக்கான்" என்பார் என்னிடம்.

அவர் தப்பே செய்யாதவரா? செய்தார். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டுக்காரர். எங்கள் கடற்கரையில் தெருவுக்கு நாலு விக்டர் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. முதல் பட்டியலில் பத்தொன்பது விக்டர்கள் சேர்ந்து ஒரே விக்டர் ஆகிவிட்டார்கள். ஒரு சாவிக்கு ஒரு விவரம்தான் நிற்கும். பின்னால் வந்தவன் முன்னால் இருந்தவனை அழித்துவிடுவான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. "தப்பு எம்மேலதாங்க்கா" என்று சைக்கிளை எடுத்தார். திரேஸ்புரம் வரை வீடு வீடாக ஏறி இறங்கினார். அப்பன் பெயர், தெரு, ஊரார் வைத்த பட்டப்பெயர் எல்லாம் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப்பெயர் எழுதினார். சங்கு விக்டர் வேறு, நொண்டி அந்தோணி மகன் விக்டர் வேறு. அதற்குப் பிறகு இரண்டு வருடம். அந்தப் பட்டியல் ஒருமுறையாவது ஆள் மாற்றிச் சொன்னதா? யாராவது சொல்லுங்கள்!

பிறகு மேலிடத்துக்கு யோசனை வந்தது. பெயர் நீளமாக இருக்கிறதாம், அட்டையில் இடம் போதவில்லையாம். எண் போதுமாம்! ஒருவன் பிரிவு மாறினால் அவனுடைய எண் அடுத்தவனுக்கு. எண்ணுக்கு எதிரே இருக்கும் இரத்த வகை மட்டும் அப்படியே இருக்கும். "எண்ணு காலியாகும், மனுசன் காலியாக மாட்டான்யா" என்று பால்துரை நேரில் சொன்னார். மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் பதில் இல்லை. மேலதிகாரி ஐயா அவர்களே, அந்தக் கடிதங்களை டைப் அடித்தது நான். என்னைப் பார்த்துக் கேளுங்கள், தரையைப் பார்க்க வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை, பதிவு வேலையாகத் துறைமுகத்துக்குப் போயிருந்த பால்துரையின் தொடைமேல், தூக்கிய கயிறு அறுந்து உர மூட்டைகள் விழுந்தன. அவருக்கு வேண்டியது ஓ நெகட்டிவ். பட்டியலில் அந்த வகைக்கு ஒரே எண், 212. அந்த எண்ணுக்கு உரிய விக்டர் நங்கூரத்தில் நின்ற கப்பலில் இருந்தார். படகு அனுப்பி அழைத்துவர இரண்டு மணி நேரம். வந்த பிறகு சோதித்தார்கள். பி பாசிட்டிவ்! அதற்குள் பால்துரையின் உயிர் போய்விட்டது.

பழைய 212 யார்? இதோ நிற்கிறாரே, ஜேசுபாதம். பிரிவு மாறி 318 ஆனவர். அவர் எங்கே இருந்தார் அந்த இரண்டு மணி நேரமும்? ஆஸ்பத்திரி வாசலில்! "எனக்கு ஓ நெகட்டிவ்யா, பால்துரை அண்ணாச்சிதான் வீட்டுக்கு வந்து எழுதிட்டுப் போனாவ" என்று கத்தியிருக்கிறார். பட்டியலோடு நின்ற எங்கள் அலுவலக ஆள் என்ன கேட்டார்? "ஒன்னோட நம்பர் என்ன? 318-க்கு வேற வகை போட்டிருக்கு, தள்ளி நில்லு." தோழர்களே, பத்தடி தூரத்தில் இருந்த இரத்தம் பால்துரைக்குக் கிடைக்கவில்லை! இதை விபத்து என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பால்துரையை நாம்தான் கொன்றோம். எண்களை வாயை மூடிக்கொண்டு துளை போட்ட நானும்தான்.

இனி போட மாட்டேன். நாளைக் காலை முதல் அட்டையில் முழுப்பெயர்தான் ஏறும். ஜேசுபாதமும் சங்கத் தோழர்களும் வீடு வீடாகப் போய்ப் பெயர்களைச் சரிபார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக என்னை மாற்றினாலும் சரி, நீக்கினாலும் சரி.

கடைசியாக ஒன்று. அலுவலகம் அனுப்பிய இரங்கல் தீர்மானத்தை இப்போது வாசிக்கச் சொல்லி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். "ஊழியர் எண் 46-இன் மறைவுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. நேற்றுக் காலை 46-ஐப் புது டைப்பிஸ்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பகவதி, கொஞ்சம் எழுந்து நில்லம்மா. பாருங்கள் ஐயா, நீங்கள் இரங்கல் சொல்லும் ஆள் இவள்தான். உயிரோடு நிற்கிறாள். பேனாவை எடுத்து அந்த எண்ணை உங்கள் கையாலேயே அடித்து, அவர் பெயரை எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கிறோம். அதுவரை இங்கே ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம்.