சுத்தம் செய்ய வேண்டாம்

அந்த ஓட்டலில் காலை உணவு நன்றாக இருக்கும். ஆறரை மணிக்குக் கதவைத் திறப்பார்கள். சோறு, மிசோ சூப், சுட்ட மீன், முள்ளங்கி ஊறுகாய், பெரிய பாத்திரத்தில் கெட்டியான கறிக்குழம்பு. தொயாமாவுக்கு அலுவலக வேலையாக வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். அதனால் நாற்காலிகளைச் சுவரைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. மூன்றாம் நாளும் சாப்பிட்டீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். சாப்பிட்டேன். அன்று கானாங்கெளுத்தி மீன்.

இனுகாய் சான் நல்லவர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை, தகாத வார்த்தை எதுவும் சொன்னதில்லை. கனமான பெட்டியை என்னைத் தூக்க விடமாட்டார். எனக்குச் சளி பிடித்தால் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஒரு பழக்கம் மட்டும் அவரிடம் இருந்தது. நான் மெதுவாகப் பேசுகிறவள். இரண்டு சொல்லுக்கு நடுவே நின்றுவிடுவேன். அந்த இடைவெளியை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. படியில் தடுமாறுகிறவர்களுக்குக் கை நீட்டுவதைப் போல உடனே வந்து, "ஹொசோயா சொல்ல வர்றது என்னன்னா" என்று ஆரம்பித்து முடித்துவிடுவார். பெரும்பாலும் சரியாகவே சொல்வார். சில நேரம் நான் சொல்ல வந்தது அதுவாக இருக்காது. அதற்குள் எல்லாரும் குறித்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது வருடத்திலிருந்து இரண்டு சொல்லோடு நானே நிறுத்திக்கொள்ள ஆரம்பித்தேன். அம்மா தொலைபேசியில் கூப்பிடும்போதும் பாதி வாக்கியத்தில் நின்று யாருக்காகவோ காத்திருப்பேன். அறையில் என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

மாத்திரைகளில் ஈரம் எவ்வளவு என்று அளக்கும் கருவி எங்களுடையது. அளக்கும் முறையைக் கண்டுபிடித்தது நான். தொயாமாவில் ஒரு மருந்து நிறுவனத்துக்கு மூன்று நாள், மூன்று காலைகள், அதை இயக்கிக் காட்ட வேண்டும். எங்களுக்கு ஏழாம் மாடியின் கோடியில் அடுத்தடுத்த அறைகள் கிடைத்தன. கருவிப் பெட்டி அவர் அறையில் இருந்தது. காலையில் நான் வந்து எடுக்க வசதியாக இருக்கும் என்று தன் அறையின் இரண்டாவது சாவி அட்டையை என்னிடம் கொடுத்திருந்தார்.

அந்த அறைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நுழைந்ததும் ஓர் ஆள் நடக்கிற வழி, ஒரு பக்கம் குளியலறை, அதைத் தாண்டினால் கட்டில். பெட்டியை விரித்து வைக்கக்கூட இடமில்லை. இனுகாய் சான் தன் பயணப் பெட்டியைக் குளியலறைக்கு எதிர்ச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். முதல் நாள் காலை அவர் உள்ளே இருந்தபோது அது சரிந்து விழுந்தது. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. பெட்டி சுவருக்கும் கதவுக்கும் நடுவே குறுக்காக, அளந்து வைத்தது போல் உட்கார்ந்துகொண்டது. ஒரு விரல் அளவுக்குமேல் கதவு திறக்காது. அவருடைய போன் கட்டில் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியை நான் தள்ளவில்லை. அது தானாகத்தான் விழுந்தது.

ஏழரைக்கு உள்ளே போனேன். "ஹொசோயாவா? நல்லவேளை. சிரிக்காதே, குளியலறையில மாட்டிக்கிட்டேன்" என்றார். "நான் இப்போ" என்று ஆரம்பித்தேன். "பெட்டியைத் தூக்கிடறேன்னு சொல்ற. பார்த்து, இடுப்பைப் பிடிச்சுக்கப் போகுது" என்றார்.

நான் சொல்ல வந்தது அதுதான். அதே சொற்கள்தான். பிறகு, பெட்டி அசையவில்லை, வரவேற்பில் சொல்லி ஆள் அனுப்புகிறேன், கூட்டத்துக்கு நேரமாகிறது என்றேன். பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. அதை உங்கள் ஆள் ஒற்றைக் கையால் தூக்கியதாகச் சொன்னீர்கள். இருக்கலாம்.

கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அறைக் கதவின் உட்புறம் ஒரு காந்தப் பலகை ஒட்டியிருக்கும். 'சுத்தம் செய்ய வேண்டாம்' என்று எழுதியது. அதை எடுத்துக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டினேன். அப்படி ஒட்டினால் புதுத் துண்டுகளைப் பையில் போட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கீழே வரவேற்பில் இருந்த பெண்ணிடம், உடன் வந்தவருக்குக் காய்ச்சல், தூங்குகிறார், அந்தப் பக்கம் சத்தம் வேண்டாம் என்றேன். அவள் மிகவும் வருத்தப்பட்டாள். அந்தக் கோடியில் வேறு யாரையும் தங்கவைக்கவில்லை. மாலையில் கதவருகே குளுக்கோஸ் பானமும் பொட்டலக் கஞ்சியும்கூட வைத்திருந்தார்கள். அக்கறையான ஓட்டல்.

மதியம் வரைக்கும் என்றுதான் நினைத்தேன்.

அந்த நிறுவனத்தின் தரப்பில் கூட்டத்தை நடத்தியவர் மியாகே சான், ஐம்பது வயதுப் பெண்மணி. மழைக்காலத்தில் அளவு மாறுமா என்று கேட்டார். நான் இரண்டு சொல் சொல்லி நின்றேன். யாரும் பேசவில்லை. அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். நான்கு நொடி இருக்கும். அதன்பின் மீதி வாக்கியம் வந்தது. பிறகு இன்னொன்று. பதினொரு நிமிடம் பேசினேன். "இவ்வளவு தெளிவா யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, ஹொசோயா சான். நாளைக்கும் நீங்களே பேசுவீங்கல்ல?" என்று கேட்டார். பேசுவேன் என்றேன்.

மாலை ஆறு மணிக்கு என் குளியலறையில் நின்றேன். இரண்டு குளியலறைகளுக்கும் காற்றுக்குழாய் ஒன்றுதான். பேசினால் கேட்கும். அவர் குரல் கரகரத்திருந்தது. பகலில் கொஞ்ச நேரம் கூப்பிட்டிருக்கிறார், அப்புறம் நிறுத்திவிட்டார். பக்கத்தில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் தொந்தரவு என்று. பனியால் கானசாவா சாலை மூடிவிட்டது, கதவைக் கழற்றுகிற ஆள் அந்தப் பக்கத்தில் நிற்கிறார், நாம் இழுத்தால் சுவர் பெயர்ந்துவிடும் என்று ஓட்டலில் சொன்னார்கள் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "ஓட்டல்காரங்களுக்குத்தான் பாவம் கஷ்டம். ஐம்பத்திரண்டு வயசுல குளியல் தொட்டியில குடித்தனம். வீட்ல சொல்லாதே, வருஷம் பூரா சொல்லிச் சிரிப்பா" என்றார்.

கூட்டம் எப்படிப் போயிற்று என்று கேட்டார். சொன்னேன். அந்தக் குழாயில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் இரண்டுமே கேட்காது. அதனால் அவர் குறுக்கிடவில்லை. முழுவதையும் கேட்டார். "நல்லா பேசியிருக்க" என்றார். ஐந்து வருடத்தில் நான் அவரிடம் முழுதாகச் சொன்ன முதல் விஷயம் அது.

பிறகுதான் மருந்தைப் பற்றிச் சொன்னார். குளிர்பெட்டியில் இருக்கிற இன்சுலின் பேனாவைக் கதவு இடுக்கு வழியாகத் தரமுடியுமா என்று கேட்டார். அவருக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய் உண்டு. அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் அவர் அறைக்குப் போய் அதை எடுத்தேன். என் பையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும். பேனாவின் தடிமன் பதினேழு மில்லிமீட்டர். இடுக்கு இருபது.

போகவில்லை என்றேன்.

"சரி, பரவாயில்ல. தண்ணி இருக்கே. நீ போய்ச் சாப்பிடு" என்றார்.

என்னை இரக்கமில்லாதவள் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முந்தின இரவு போட்ட ஊசி இன்னும் சில மணி நேரம் தாங்கும். தண்ணீர் தாராளமாக இருந்தது. இரண்டாம் நாள் கூட்டம் மதியத்தோடு முடிந்துவிடும்.

இரண்டாம் நாள் மியாகே சான் மேலும் ஆறு பேரைக் கூட்டி வந்திருந்தார். எல்லாருக்கும் நானே பதில் சொன்னேன். அவர்களுடைய தலைவர் மூன்றாம் நாள் வருவதாகச் சொன்னார்கள். அவர் வரும்போது ஆள் மாறினால் நன்றாக இருக்காது. திரும்பியபோது இனுகாய் சான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஆள் எங்கே என்று இரண்டு முறை கேட்டார். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அதன்பின் அவர் தன் மகளோடு பேசினார். அவள் அங்கே இல்லை. நான் என் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு என் குறிப்புகளைச் சரிபார்த்தேன்.

மூன்றாம் நாள் தலைவர் எழுந்து நின்று எனக்குத் தலை வணங்கினார். ஒன்றரை மணிக்குத் திரும்பினேன். குழாயில் சத்தமில்லை. இறங்கிப் போய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னதும் நான்தான்.

நேற்று நீங்கள் எனக்காக எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். இங்கே அதுதான் வழக்கம் என்று தெரியும். நான் சொன்னதை 'நான்' என்று போட்டு நீங்கள் எழுதுவீர்கள், நான் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும்: 'அவர் இறந்துவிடுவார் என்று நான் நினைக்கவில்லை.' நான் "அவர் இறந்துவிடுவார் என்று" வரைக்கும் சொல்லி நின்றிருந்தேன். மீதியை நீங்கள் போட்டீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள். வழக்கறிஞரும் அந்த வரியை அப்படியே விட்டுவிடச் சொல்கிறார்.

அதை அடித்துவிடுங்கள். நான் சொல்கிறேன், மெதுவாகத்தான் வரும், காத்திருங்கள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் காற்றுக்குழாயில் அசிட்டோன் வாடை வந்தது. அவர் மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. நான் வேதியியல் படித்தவள். இன்சுலின் இல்லாத உடம்பில் அந்த வாடைக்கும் அந்த மூச்சுக்கும் என்ன பொருள் என்று தெரியும். அவர் இறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் முடிந்துவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ள முடியுமா என்று அவரிடமே கேட்டேன்.

அவரும் சரி என்றுதான் சொன்னார்.