நான்காம் மாடிக் கதவு

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வசதி உண்டு, வாத்தியாரே. மனிதர்கள் எவ்வளவு சுலபமாகச் சந்தேகப்படுவார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பலகையின் கடைசி வரியைச் சரியாக வாசித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரிடம், "நிச்சயமா அதானா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்ப்பார். "இல்லையோ?" என்பார். நான் லென்ஸை மாற்றியிருக்கவே மாட்டேன்.

நேற்று நீங்கள் போனில் 'விழுந்த துணி' விளையாட்டைப் பற்றிக் கேட்டபோது, கடையில் ஆள் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். ஆள் யாரும் இல்லை. பேசினால் உளறிவிடுவேன் என்பதால் எழுதி அனுப்புகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

நம் குழுவை நீங்கள் தொடங்கியபோது நாம் ஏழெட்டுப் பேர்தான். பெரிய கம்பெனிகள் பணத்தைக் கொட்டி எடுக்கும் வீடியோ கேம்களைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, தனி ஆளாக எவரோ ஒரு மூலையில் உட்கார்ந்து செய்த, யார் கண்ணிலும் படாத விளையாட்டுகளைத் தேடிக் கொண்டுவர வேண்டும் என்பது உங்கள் விதி. கண்டெடுத்தவருக்கு 'முதல் ஆள்' என்று பெயர். அவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அந்த விளையாட்டு பிரபலமாகிவிட்டால், "பொண்ணக் கட்டிக்கொடுத்தாச்சுப்பா" என்று கேலி பேசிவிட்டு அடுத்ததைத் தேடப் போவோம். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அன்றோடு அந்த விளையாட்டை நான் திறக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விளையாட்டுத் தளத்தில் புதிதாக ஏற்றப்பட்டவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே அடிவரைக்கும் போனபோது 'விழுந்த துணி' கிடைத்தது. யாரும் இறக்கியிருக்கவில்லை. பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. மாடிக் கொடிகளிலிருந்து காற்றில் விழுந்த துணிகள் கீழே கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு படியேறி, அது யார் வீட்டுத் துணி என்று நாமே ஊகித்து, அந்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். ஆள் ஒருவரையும் பார்க்க முடியாது. ஒற்றைக் காலுறை, முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், பொத்தான் போன சீருடை. கதவுக்குப் பின்னால் கேட்கும் இருமலையும் குழந்தை அழுகையையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். சரியான வீடு என்றால் ஜன்னலில் விளக்கு எரியும். எதிரே இன்னொரு கட்டிடம் நிற்கும். உலகத்தில் வேறு யாராவது அதே நேரத்தில் விளையாடினால் அந்தக் கட்டிடத்தில் ஒரு ஜன்னல் எரியும். அன்று அது முழு இருட்டாக இருந்தது. அந்த இருட்டு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உங்களிடம் எப்படிச் சொல்வேன்.

ஒரே ஒரு குறை. நான்காம் மாடியில் லிஃப்டுக்குப் பின்னால் போனால் ஒரு கதவு சாத்திக்கொண்டு திறக்காது. வெளியேற வழியில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைச் செய்த பெண்ணுக்கு எழுதினேன். மறுநாள் காலையிலேயே சரிசெய்துவிட்டதாகப் பதில் வந்தது. நன்றியாக ஒரு துணியையும் சேர்த்திருந்தாள்: பையில் மைக்கறை படிந்த நீலச் சட்டை. என் கடைச் சட்டையைப் பற்றி ஏதோ வேடிக்கையாக எழுதியிருந்தேன், அதை நினைவு வைத்திருக்கிறாள். அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு எல்லா மாடியும் ஏறி இறங்கினேன். அதற்கென்று ஒரு வீடு வைத்திருந்தாள்.

இருவரும் ஒரே ஊர் என்பது பிறகுதான் தெரிந்தது. கண் பரிசோதிக்கக் கடைக்கே வந்தாள். அப்போது என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவாள்.

நான் அதைக் குழுவுக்குக் கொண்டுவந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். முதல் ஆளாக அவ்வளவு நேரம் வேறு எதற்கும் நான் பேசியதில்லை. நீங்கள்கூட, "யோவ், மூச்சு விட்டுட்டுப் பேசுய்யா" என்றீர்கள். அன்று மாலை எதிர்க்கட்டிடத்தில் ஜன்னல்கள் எரியத் தொடங்கின. முதலில் நம் ஆட்கள். அடுத்த வாரம் முகம் தெரியாதவர்கள். மாதம் முடிவதற்குள் கட்டிடமே கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. அவள் கடைக்கு ஓடி வந்தாள். "சார், தூரத்துல ஒரு ஸ்டுடியோ, அங்க வந்து சேர்ந்துக்கங்கன்னு கூப்பிடறாங்க. இத இன்னும் பெருசா பண்ணலாமாம்" என்றாள். என் கையில் யாருடைய கண்ணாடிக் காதோ இருந்தது. திருகை முறுக்கிக்கொண்டே, "ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. கூடவே, அவள் அங்கே போனால் நொந்துபோவாள் என்றும் தோன்றியது. பெரிய இடம், பெரிய ஆட்கள், இவள் பூஞ்சை மனசுக்காரி. யாராவது அவளை நிதானப்படுத்த வேண்டும் அல்லவா. அன்றைக்கே வேறு பெயரில் ஒரு கணக்கு தொடங்கி விளையாட்டின் பக்கத்தில் விமர்சனம் எழுதினேன்.

திட்டவில்லை. திட்டினால் நாலு பேர் அவளுக்காகச் சண்டைக்கு வருவார்கள். 'நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எதற்காக விளையாடுகிறோம் என்று முடிந்த பிறகு யோசித்தேன்' என்று மட்டும் எழுதினேன். நிச்சயமா அதானா, அவ்வளவுதான். அடுத்து ஓர் அம்மா. இரண்டு குழந்தைகள் உள்ளவள், பொறுமை இழந்தவள். மூன்றாவது ஒரு கல்லூரி மாணவன். நான்காவது, கேம் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொண்ட பெரியவர். அந்தப் பெரியவர் எழுதியதை வாசித்துவிட்டு அவள் அழுதாள். "அனுபவசாலி சொல்றாரு சார். சும்மா சொல்வாரா?" என்றாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, எனக்குப் பிடித்திருக்கிறதே என்றேன். அதுவும் பொய்யில்லை.

அவள் விளையாட்டை மாற்றத் தொடங்கினாள். அம்மா சொன்னாள் என்று மாடிகளைக் குறைத்தாள். மாணவன் சொன்னான் என்று மதிப்பெண் வைத்தாள். பெரியவர் சொன்னார் என்று எதிர்க்கட்டிடத்தையே எடுத்துவிட்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மாணவன் தன் விமர்சனத்தில், நான்காம் மாடியில் லிஃப்டுக்குப் பின்னால் கதவு சாத்தி மாட்டிக்கொண்டதாகவும், அத்தோடு வெறுத்துப்போய் விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தான். சரிசெய்த கதவு மறுபடி எப்படிச் சாத்திக்கொண்டது என்று அவள் வாரக்கணக்கில் தேடினாள். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தேடினாள். திறந்து மூடி, திறந்து மூடி, அது ஒரு தடவைகூட மாட்டவில்லை. "எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளுக்குப் பிறகு அந்தக் கதவு யாருக்கும் சாத்திக்கொள்ளவில்லை. அந்த முதல் நாளில் அதை இறக்கியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

நீங்களும் அதைத்தான் பிடித்தீர்கள். பழைய விமர்சனங்களைச் சேமித்து வைத்திருந்த புண்ணியவான் நீங்கள். கதவைச் சரிசெய்த தேதியையும் பார்த்து, "இந்தப் பையனுக்கு அந்தக் கதவு எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டீர்கள். தெரியாமல் என்ன. நால்வரும் நான்தான். ஏன் அப்படி ஒரு முட்டாள்தனம் செய்தேன் என்றால், என் மனதில் அந்த விளையாட்டு எப்போதும் முதல் நாள் இருந்த மாதிரியே இருக்கிறது. அந்தக் கதவோடு, எதிரே அந்த இருட்டோடு.

அவள் விளையாட்டைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டாள். ஸ்டுடியோவுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாள். "எனக்கே நம்பிக்கை இல்லாத ஒண்ண வச்சுக்கிட்டு அங்க போய் என்ன பண்றது?" என்றாள். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். நீங்கள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

இப்போது அவள் ஓர் அச்சகத்தில் மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் வடிவமைக்கிறாள். நல்ல வேலை, நேரத்துக்கு வீடு வந்துவிடுவாள். எங்கள் மாடிக் கொடியிலிருந்தும் துணி விழும். அடுத்த வீட்டாருடையதும் விழும். அவள் கீழே போய் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து அந்தந்த வீட்டுக் கதவில் மாட்டுவாள். ஒரு நாள் ஒரு குழந்தைக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே வெகுநேரம் நின்றாள். நான் மேலிருந்து பார்த்தேன். இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இரண்டு படி இறங்கினேன். அவள் நிமிர்ந்து, "உங்களுக்கு ஒருத்தருக்காவது பிடிச்சுதே, அது போதும்" என்றாள். திரும்பி ஏறிவிட்டேன். நான் செய்தது பாவம். எந்தப் பெயரிட்டுச் சொன்னாலும் பாவம்தான்.

அவளிடம் சொல்லிவிடு, இல்லையென்றால் நான் சொல்வேன் என்றீர்கள். உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த நாலு பேரும் இல்லை என்றால், அவள் தன் கையாலேயே தன் விளையாட்டை ஒன்றுமில்லாததற்காகப் பிய்த்துப் போட்டிருக்கிறாள் என்று ஆகும். அதை அவளால் தாங்க முடியுமா. நிச்சயமா முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் அவள் லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். எனக்குத் தெரியாமல் எத்தனை மாதமோ உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்திருக்கிறாள். "நீங்கதான் முதல் ஆள்" என்றாள். விளையாடினேன். பழையதைவிட எவ்வளவோ மேல். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அவளும் பார்த்தாள், கன்னத்தைத் துடைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தளத்தில் ஏற்றப் போகிறாள். இது நிச்சயம் எல்லோருக்கும் பிடிக்கும்.

கதவைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, வாத்தியாரே. இந்த முறை, ஏற்றிய பிறகு அதை நானும் ஒரு தடவை இறக்கி, மற்றவர்கள் காண்பதை மட்டும் பார்த்துத்தான் விமர்சனத்தை அனுப்புவேன். மற்றபடி அது தயார். முன்னைவிட மென்மையாகவே எழுதியிருக்கிறேன். அவள் மனசு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.