ரிப்பன் ஆடிக்கொண்டுதான் இருந்தது

காற்று ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சாண் ரிப்பன் போதும், ஐயா. எங்கள் இறைச்சி வெட்டும் கூடத்தில் காற்று இறங்கும் ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன். ஆடினால் காற்று வருகிறது. ஆனால் அது வெளியிலிருந்து வந்த புதுக் காற்றா, உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் பழைய காற்றா என்று ரிப்பனுக்குத் தெரியாது. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொறுமையாகச் சொல்லியிருப்பேன்.

தம்பியை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். கூரைக்கும் குழாய்களுக்கும் நடுவே பன்னிரண்டு வருஷம் குனிந்து நடந்த நான் காற்று மெக்கானிக்காகவே இருந்தேன். கீழே கத்தி பிடித்த அவன் மூன்றே வருஷத்தில் மேற்பார்வையாளன் ஆனான். அப்பா எனக்குப் போன் செய்தால் முதல் கேள்வி, "சின்னவன் சாப்பிட்டானா?" இரண்டாவது கேள்வி கிடையாது. அப்புறம் ஆலை மேலாளர் வேலை காலியானது. வெள்ளிக்கிழமை நேர்காணல். போட்டியில் இரண்டே பேர், அவனும் நானும்.

அந்த வாரம் எலும்பு அறுக்கும் மெஷினில் நிற்கும் நெட்டையன் இருமிக்கொண்டே வேலைக்கு வந்தான். இருமலில் தெறிக்கும் பெரிய துளிகள் இரண்டு எட்டுக்குள் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள்தான் சிகரெட் புகை மாதிரி மிதக்கும். கூடத்தின் குளிரில் கிருமி நெடுநேரம் தாங்கும். மெஷின் சத்தத்தில் எல்லோரும் கத்திப் பேசுவார்கள். கத்துகிற வாய் இன்னும் அதிகமாகத் தெளிக்கும். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, பாருங்கள். வெளிக்காற்று தாராளமாக வந்தால் மட்டும் அத்தனையும் கலைந்துபோகும்.

திங்கட்கிழமை வெளிக்காற்று வரும் வழியை அடைத்தேன். நெட்டையனின் தலைக்கு மேலே காற்றை இழுக்கும் வாய். அந்தக் காற்று சுற்றி வந்து இறங்குவது தம்பியின் மேசைமேல். நடுவில் இருந்த வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்று கழற்றி வைத்தேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி நான் முகக்கவசம் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னண்ணே, கொள்ளையடிக்கக் கிளம்பிட்டியா?" பிறகு மேலே பார்த்தான். "மூச்சு முட்டுற மாதிரி இல்ல?"

"ரிப்பன் ஆடுதா?"

"ஆடுது."

"அப்புறம் என்ன?"

"நீ சொன்னா சரிதான். இந்தக் கூடத்துக்கே மூக்கு நீதானே."

நாலு நாள் காய்ச்சலில் அவன் படுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை படுத்தான். நேர்காணலுக்கு நான் மட்டும் போனேன். நன்றாகவே பேசினேன். முடிவு வரப் பத்து நாள் ஆனது. இடையில் அவன் எழுந்து வந்து தனக்கும் நேர்காணல் வை என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று, வழியை அடைத்தபடியே விட்டிருந்தேன். கூடத்தில் பத்தொன்பது பேர் விழுந்தார்கள். நெட்டையனையும் சேர்த்து நாலு பேர் எழுந்திருக்கவில்லை. ஐந்தாவது ஆள் என் தம்பி. வேலை எனக்குக் கிடைத்த அன்று, முதல் வேலையாக வழியைத் திறந்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கடைசியாகப் பேசியதை நர்ஸ் சொன்னாள். "அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே? அந்தக் கூடத்துக்குப் போக வேண்டாம்னு சொல்லுங்க." சொல்லும்போதே அழுதாள். பக்கத்தில் நின்ற அப்பாவும் அழுதார்.

சாகும்போதும் நல்ல பெயரை அவனே வாங்கிக்கொண்டு போனான், ஐயா. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.