கீழ்வீட்டின் பச்சைக் கோடு

எங்கள் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் தண்ணீர் வரும். ஐயா, நீங்களும் இந்த அம்மான் நகரத்துக்காரர்தான், உங்கள் தெருவுக்கும் ஏதோ ஒரு நாள் இருக்கும். மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க என் மனைவி இன்ஆம் முழங்கால் வலியோடு படியேறுவாள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நான் ஏறிப் பார்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு சென்சார் வாங்கினேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

ஓய்வுபெறும்வரை இருபத்தாறு வருடம் அரசாங்க வானிலை அலுவலகத்தில் மழைக்கும் வெயிலுக்கும் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மேலதிகாரி ருஷ்தி ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வஸ்ஃபி, உன் கோடு பாக்க அழகாத்தான் இருக்கு. உண்மையாவும் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்." அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பதினோரு வருடம் அதைப் பற்றி யோசித்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பிறகு மின்சார மீட்டர். அதற்குப் பிறகு அறைக்கு அறை வெப்பம், ஈரப்பதம், கதவு, ஜன்னல். இரண்டு பேர் வாழும் வீட்டில் முப்பத்து நான்கு சென்சார். எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு ஒன்றை நானே அமைத்தேன். வரவேற்பறைச் சுவரில் என் மாமனாரின் படம் இருந்த இடத்தில் அந்தத் திரையை மாட்டினேன். ஐந்து விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் கதவுக்கும் ஒரு கோடு உண்டு. வீட்டில் யாரோ பாலாடைக்கட்டியைத் திருடித் தின்கிறார்கள் என்று மூன்று வாரம் அந்தக் கோட்டை ஆராய்ந்தேன். திருடன் நான்தான் என்று தெரிந்தது. இன்ஆம் சொன்னாள்: "இதுக்கு மெஷின் எதுக்கு? என்னைக் கேட்டா நானே சொல்லியிருப்பேனே."

அவளுடைய அண்ணன் மிஃப்லே கீழ்வீட்டில் இருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர், ஒற்றை அறையில் தனியாக வாழ்ந்தார். என்னை அபுல் உர்ரைஃப் என்றுதான் கூப்பிடுவார். சகலமும் தெரிந்தவன் என்று பொருள். யாரையும் மரியாதையாக அப்படிக் கூப்பிடுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். திரையை முதலில் பார்த்த அன்று வெகுநேரம் முன்னால் நின்றார். பிறகு, "தங்கச்சி, இதைப் பாத்தா வீட்டுல யாருக்கோ ஆபரேஷன் நடக்குற மாதிரி இருக்கு. எதுக்கும் நான் செருப்பைக் கழட்டிட்டே வரேன்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

போன குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் கேஸ் ஹீட்டரின் புகையில் மூச்சடைத்துப் போனது. மிஃப்லேயும் கேஸ் ஹீட்டர்தான் வைத்திருந்தார். குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கெல்லாம் கம்பளித் துணி செருகிவைப்பார். கார்பன் மோனாக்சைடு என்கிற அந்த நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்ஆம் என்னிடம் அதுவரை எந்த சென்சாரும் கேட்டதில்லை. அன்று கேட்டாள். அண்ணன் அறையில் ஒன்று வையுங்கள், அது உங்கள் திரையில் தெரியட்டும், நீங்கள்தான் எந்நேரமும் அதன் முன்னால் இருக்கிறீர்களே என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அறையில் ஒன்று, அவர் கதவில் ஒன்று, ஜன்னலில் ஒன்று என்று மூன்றாகவே வைத்தேன்.

முதல் மாதத்தில் அது ஒன்பது முறை அலறியது. ஒன்பது முறையும் அவருடைய ஹுக்காக் கரிதான் காரணம். ஒவ்வொரு முறையும் மாடியேறி வந்து கதவில் சாய்ந்துகொள்வார்.

"மாப்ள, உன் பெட்டி மறுபடியும் என்னைக் கொன்னுடுச்சு. ஒரு காப்பி குடு."

ஜனவரி மாதம், அந்த வெள்ளிக்கிழமை, ருஷ்தி என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கூடவே பழைய அலுவலக நண்பர்கள் இருவர். எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். நான் நான்கு முறை கூப்பிட்டேன், ஐந்தாவது முறை வந்தார். காலையிலிருந்தே திரையைத் துடைத்தேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், கோடுகளுக்கு நிறம் தேர்ந்தெடுத்தேன். விருந்துக்கு நடுவே அலறிவிடக் கூடாது என்று கீழ்வீட்டுப் பெட்டியின் சங்கொலியை நிறுத்தினேன். இன்ஆமின் போனுக்குப் போகும் எச்சரிக்கையையும் நிறுத்தினேன்.

பிறகு கீழே போய் மிஃப்லேயிடம், இன்று ஒருநாள் மேலே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவருடைய பகடிக்கு ருஷ்தி சிரிப்பார் என்று பயம். அறுபத்து மூன்று வயதில் ஒருவன் இதற்கெல்லாம் பயப்படுவானா என்றால், பயப்படுவான்.

அவர் ஹுக்காக் குழாயைக் கீழே வைத்தார். "சரி மாப்ள," என்றார். "எனக்கும் ஜலதோஷம்தான். தொழுதுட்டு வந்து ஹீட்டரைப் போட்டுட்டுப் படுத்துக்கறேன். நீ உன் பெரியவருக்கு நிம்மதியாக் கோடு காட்டு. சோறு மட்டும் அனுப்பிடு."

அவர் அதற்குமுன் என்னிடம் பகடி இல்லாமல் பேசியதாக நினைவில்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஒன்றேகாலுக்கு விருந்தினர்கள் வந்தார்கள். தயிரில் வெந்த ஆட்டுக்கறியும் சோறுமாக மன்சஃப் தட்டு நடுவில் வந்தது. திரை பார்வையில் படும்படி ருஷ்திக்கு இடம் போட்டிருந்தேன். ஒன்று இருபத்தைந்துக்குக் கீழ்வீட்டுக் கோடு எழும்பத் தொடங்கியதைப் பார்த்தேன். முப்பத்தைந்து, தொண்ணூறு, நூற்று அறுபது. கரி என்றால் கோடு குத்துக்குத்தாக ஏறி இறங்கும். இது வழுவழுப்பாக ஏறியது. கரி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அந்தக் கோட்டோடு பழகியிருந்தேன்.

கட்டம் சிவப்பானது. ருஷ்தி சோற்றுருண்டையைப் பிடித்தபடியே கேட்டார்: "அது என்னப்பா, ஒண்ணு மட்டும் செவப்பா இருக்கு? ரிப்பேரா?"

எழுந்து போய் அந்தக் கோட்டின் உச்ச அளவை இருநூறிலிருந்து ஐயாயிரமாக மாற்றினேன். மூவாயிரம்வரை பச்சை என்று போட்டேன். அரை நிமிட வேலை. கோடு அடியில் படுத்துக்கொண்டது, கட்டம் பச்சையானது. "என் மச்சான் அறை," என்றேன். "ஹுக்காக் கரி. அளவு தப்பா இருந்துச்சு, சரிபண்ணிட்டேன்."

அவர் தலையசைத்தார். பிறகு, "இதெல்லாம் நீயே செஞ்சதா?" என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் மரியாதையான கேள்வி அது. பதில் சொல்ல ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டேன். தொட்டியைக் காட்டினேன், மீட்டரைக் காட்டினேன், பாலாடைக்கட்டிக் கதையைச் சொன்னேன். மூவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நடுநடுவே பச்சைக் கட்டத்தில் எண்ணைப் பார்த்துக்கொண்டேன். நிறத்தைத்தான் மாற்றியிருந்தேன், எண்ணை மறைக்கவில்லை. நானூறு. எண்ணூறு. ஆயிரத்து இருநூறு. எந்த எண்ணில் மனிதன் மயங்குவான், எதில் முடிந்துபோவான் என்ற பட்டியலை நானே அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்தேன்.

இன்ஆம் எங்களுக்குப் பரிமாறி முடித்துவிட்டு அண்ணனுக்குத் தட்டெடுத்துக்கொண்டு கீழே போனாள். சமையலறை வழியாகப் போனாள், நான் பார்க்கவில்லை என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். திரையில் பார்த்தேன். கீழ்வீட்டுக் கதவு: திறந்தது இரண்டு நாற்பத்தொன்று, மூடியது இரண்டு நாற்பத்தொன்று. அந்தக் கதவு ஸ்பிரிங் வைத்தது, தானாகச் சாத்திக்கொள்ளும். அவள் ஜன்னலைத் திறந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஜன்னல் கட்டம் மூடியே இருந்தது. கோடு ஒரு சிறிய பள்ளமாக விழுந்து, மறுபடி ஏறியது.

அந்தப் பள்ளத்தை ருஷ்தியும் கவனித்தார். "அது என்ன?" என்றார். "யாரோ கதவைத் தொறந்திருக்காங்க," என்றேன். "பிரமாதம் வஸ்ஃபி. அதுகூடத் தெரியுதா?" என்றார்.

அவர்கள் காப்பி குடித்து, செருப்பு மாட்டி, வாசலில் நின்று பேசி, கிளம்பும்போது மூன்று ஐந்து. வழியனுப்பிவிட்டுக் கீழே போனேன். மிஃப்லே படுக்கையில் இருந்தார். இன்ஆம் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்திருக்கிறாள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் சோற்றின்மேல் கிடந்தாள். அவளை வெளியே இழுத்துப்போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கோப்பில் சரியாகவே இருக்கிறது.

அவள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது இடது கை நடுங்குகிறது. உப்பு, சாவி மாதிரிச் சின்ன வார்த்தைகள் மறந்துபோகின்றன. அண்ணன் எங்கே என்று மட்டும் கேட்பதில்லை, அது மறக்கவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷின்தானே. அது கெட்டுப்போனா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். மலிவான சென்சார், விடு வஸ்ஃபி என்றார்கள். ருஷ்தியும் வந்தார். கசப்புக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படி வீட்டிலேயே செய்த கருவிகளை நம்பவே கூடாது என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

போன வாரம் உங்கள் அறிக்கையின் நகல் வந்தது. மரணத்துக்குக் காரணம், எச்சரிக்கைக் கருவியின் பழுது என்று போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் நானாக வந்தேன், யாரும் அழைத்து வரவில்லை. இதோ, அன்றைய கோட்டைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், பழைய சிவப்பு நிறத்திலேயே. ஐந்து விநாடிக்கு ஒரு புள்ளி, ஒன்றுகூட விடுபடவில்லை. உச்சம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. இங்கே பாருங்கள், இந்தப் பள்ளம் இன்ஆம். கருவி ஒன்று இருபத்தைந்துக்கே சொல்லிவிட்டது. நான் பார்த்தேன், புரிந்துகொண்டேன், போகவில்லை. மிஃப்லேயைக் கொன்றது நான்தான். இன்ஆமையும் கொன்றிருப்பேன், விருந்தினர்கள் இன்னொரு கோப்பை காப்பி கேட்டிருந்தால்.

இதற்கு என்ன தண்டனையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். ஆனால் அந்தப் பழுது என்ற வார்த்தையை அடித்துவிட்டு, திருத்திய அறிக்கையின் ஒரு நகலை ருஷ்தி அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். அவர் முகவரி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.