கைப்பிடி வைச்ச பிளேன்

முன்னுக்கே இருங்கோ தம்பி, பின்னுக்கு இடமில்லை. முழுக்க என்ர மனிசன்ர சாமான். அந்த பெல்ட் கொஞ்சம் இறுகும், நல்லா இழுத்துப் போடுங்கோ. சீச்சீ, எனக்கென்ன கரைச்சல்? உங்கட கார் பழுதாப்போச்செண்டு மெசேஜ் வந்தோடன இவர் துள்ளி எழும்பிட்டார். றஜீனா, என்னை முதல் அங்க இறக்கிவிடு, பிறகு பார்க்கிங் ஊர் றெயில் ஸ்டேசனில போய் நிண்டு அந்தத் தம்பியை ஏத்திக்கொண்டு வா எண்டு ஒரே ஆய்க்கினை. இப்ப பிளேன் நிக்கிற கொட்டிலுக்குள்ள சக்கரக் கதிரையில இருந்துகொண்டு, துடைச்சதையே திருப்பித் துடைச்சுக்கொண்டு இருப்பார்.

என்ர கதை விளங்குதுதானே? நீங்கள் மதுரைப் பக்கமோ? திருச்சியோ. சரி சரி. விளங்காட்டிக் கேளுங்கோ, மெல்லமாச் சொல்லுறன். நான் துவங்கினா நிப்பாட்டமாட்டன் எண்டு மகள் அனோஜினி பேசுறவள்.

ஒண்டு கேக்கிறன் கௌசிக் தம்பி. பிளேன் பறக்கலாமெண்டு இண்டைக்கே கையெழுத்து வைச்சிடுவீங்களோ? எல்லாம் சரியா இருந்தா இண்டைக்கே. ம். போனிலயும் அப்பிடித்தான் சொன்னனீங்களாம். அதைக் கேட்ட நாள் துவங்கி ஆள் சின்னப்பிள்ளை மாதிரித்தான் திரியிறார். முந்தின இன்ஸ்பெக்டர் கிழவன் ஒவ்வொண்டையும் தட்டித் தடவிப் பாத்து, சரியா இழுத்தடிச்சவன். அவன் ஓய்வெடுத்துப் போனோடன, எங்கட தமிழ்ப் பெடியன் ஒருத்தன் வாறான், கெட்டிக்காரன், கெதியா முடிச்சுத் தருவான் எண்டு கோயிலுக்கு வாற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லி முடிஞ்சுது.

எனக்கு விருப்பமில்லைத் தம்பி. இப்பவே சொல்லிப்போடுறன். அந்தக் கையெழுத்தில எனக்கு ஒரு துளி விருப்பமும் இல்லை.

பயமோ? விழுந்துபோடுவார் எண்டோ? சீ, அதில்லை. கிறெக் எண்டொரு வெள்ளைக்காரன் பக்கத்தில இருப்பான், முழு லைசன்ஸ்காரன், பொறுப்பு முழுக்க அவன்ர. இப்பத்தைய உடம்பு வருத்தத்தோட இவரைத் தனிய விடமாட்டினம் எண்டு எனக்குத் தெரியாதோ? கிறெக்குக்கு உந்தப் பிளேன் தன்ர வீட்டுக் கதிரை மாதிரி. பயமில்லைத் தம்பி. வேற.

கொஞ்சம் மெல்லமா ஓடுறன், குறை நினைக்காதேங்கோ.

எங்கட ஆக்கள் லண்டனுக்கு வந்து என்ன செய்வினம்? வீட்டை வாங்குவினம். பிறகு இன்னொரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவினம். பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு ஹெலிகொப்டர் எடுத்து இறக்குறவையும் இருக்கினம். எங்கட மனிசன் என்னெண்டால் ஒரு பழைய ரெண்டு சீட்டுப் பிளேனை வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறார். பஸ் கராஜில மெக்கானிக் வேலை, லீவு நாளில பறக்கப் பழகினவர். எனக்கு வந்த விசருக்கு ஒரு கிழமை அவரோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பிளேஸ்டோவில எங்கட ஒழுங்கையில கார் விடவே இடமில்லை, இவர் பிளேன் வாங்குறார் எண்டு என்ர தமக்கை சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ.

ஆனா சும்மா சொல்லக்கூடாது. அதைக் கழுவி, எண்ணெய் மாத்தி, பிளக் மாத்தி, எந்த ஆணியைத் தொட்டாலும் அதை எழுதி வைச்சு, ஒரு கைக்குழந்தையைப் பாக்கிற மாதிரிப் பாத்தவர். சொந்தக்காரனே வேலை செய்யலாமாம், இன்ஸ்பெக்டர் வந்து பாத்து ஓமெண்டா சரியாம். அது உங்களுக்குத் தெரியும், நான் எதுக்கு உங்களுக்குப் படிப்பிக்கிறன்.

பிறகு சீனி வருத்தம், நீங்கள் சொல்லுற சர்க்கரை வியாதி, காலுக்கு வந்துது. முதல் விரல். பிறகு முழங்காலுக்குக் கீழ எடுத்திட்டினம். மனிசன் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண்ணை முழிச்சு முதல் கேட்ட கேள்வி என்ன தெரியுமோ? றஜீனா, பிளேனைத் திருப்புற ரடர் பெடல் ரெண்டு காலுக்குமெல்லோ இருக்கு, இனி என்ன செய்யிறது எண்டு. நான் அழுதுகொண்டு நிக்கிறன், ஆள் பெடலைப் பற்றிக் கதைக்கிறார். கன்னத்தில ஒண்டு போடோணும் போல இருந்தது.

அங்கயிருந்துதான் இந்தக் கைப்பிடிக் கதை துவங்கினது. காலால தள்ளுறதைக் கையால தள்ளுற மாதிரி ஒரு லிவர். சும்மா செய்து பிளேனில பூட்டேலாதாம். படம் கீறி, என்ன உலோகம், என்ன தடிப்பு, எவ்வளவு பாரம் தாங்கும் எண்டெல்லாம் காட்டி அனுமதி எடுக்கோணும். அனுப்பினார். பாரம் கட்டிச் சோதிச்சுக் காட்டு எண்டு திரும்பி வந்தது. பாரத்துக்கு எங்க போறது? சமையலறையில கிடந்த அரிசிப் பை முழுக்கக் கொண்டுபோய்த் தொங்கவிட்டவர்! கிழவன் இன்ஸ்பெக்டர் வந்து பாத்திட்டு, பையில போட்டிருக்கிற நிறை சரியெண்டு ஆர் கண்டது எண்டு கேட்டானாம். பிறகென்ன, தராசொண்டு தேடி ஒவ்வொரு பையா நிறுத்து முடிச்சவர். அந்தக் கிழமை முழுக்க எங்கட வீட்டில பாணும் சம்பலும்தான். சிரியுங்கோ, சிரியுங்கோ. எனக்கும் இப்ப சிரிப்பாத்தான் இருக்கு.

ஓம், அந்தப் போன் இடப்பக்கம் திரும்பச் சொல்லுது. பரவாயில்லை, நான் இதாலயே போறன். அந்த வழியும் அங்கதான் போகும்.

கால் போனதோட விட்டிச்சோ? அங்கால கிட்னியும் போச்சு. இப்ப கிழமைக்கு மூண்டு தரம் டயாலிசிஸ். மிஷினில போட்டு இரத்தத்தைக் கழுவித் திருப்பி ஏத்துறது. வீட்டுக்கு வந்தா ஆள் பிழிஞ்சுபோட்ட துணி மாதிரிக் கிடப்பார். தண்ணி அளந்து குடிக்கோணும். வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகாது. துவக்கத்தில போகமாட்டன் எண்டு அடம்பிடிச்சவர். ஆஸ்பத்திரி வான் வந்து வாசல்ல நிக்கும், இவர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க இருப்பார். வான்காரன் என்னைப் பாப்பான், நான் வான்காரனைப் பாப்பன். எத்தினை தரம் அந்தப் பெடியனை வெறுமனத் திருப்பி அனுப்பினனான்.

இதுக்குள்ள லிவருக்கு அனுமதி கிடைச்சுது. பூட்டி முடிச்சார். கிழவன் வந்து பாத்துக் கையெழுத்து வைக்கிறதுதான் மிச்சம். நான் என்ன செய்தன்? எங்கட ஆக்கள் கார் வாங்கினா என்ன செய்வம், பாதரைக் கூப்பிட்டு மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிச்சு, முன்னுக்கு ஒரு மாதாவை வைப்பம்தானே? பிளேனுக்கு அதுகூடச் செய்யாமல் விடுறதோ? பூசை முடிய பாதரைக் காரில ஏத்திக்கொண்டு போனன். அவரும் சந்தோசமாச் செபம் சொல்லி, செட்டை ரெண்டுக்கும் தீர்த்தம் தெளிச்சவர். ஊரில மடுக் கோயில்ல இருந்து தங்கச்சி அனுப்பின சின்ன மாதா சுரூபம் ஒண்டு, காருக்கு வைக்கிறது, அதை முன்னுக்கு வைச்சன். அடியில காந்தம் இருக்கு, ஆனா அந்தத் தகரத்தில பிடிக்கேல்லை. ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பைப் போட்டு அமத்தி விட்டன். மாதா வடிவா நிண்டவ. பக்கத்தில உருண்டையா என்னவோ ஒண்டு இருந்தது.

ஓம்! அதுதான். திசை காட்டுற கொம்பஸ்தான். உங்களுக்கு உடன விளங்கிச்சுது, எனக்கு எங்க தெரியும்?

கிழவன் வந்து பாக்கிறான், வடக்கு எங்கயோ கிடக்கு. இவருக்கு முகம் கறுத்துப்போச்சு. எல்லாத்தையும் கழட்டிப் பாத்து, கடைசியா ரெண்டு பேரும் நிமிந்து மாதாவைப் பாக்கினம். நான் நிலத்தைப் பாக்கிறன். ஒட்டினதும் பிழையாம், அனுமதி இல்லாமல் ஒரு பொருளை அங்க நிரந்தரமா வைக்கேலாதாம். மாதாவும் மொடிபிக்கேசனாம் தம்பி! எந்தக் கோயில்ல போய் இதைச் சொல்லுறது? கிழவன் கையெழுத்து வைக்காமல் போயிட்டான். கொம்பசைத் திருப்பிச் சரிபார், பிறகு கூப்பிடு எண்டிட்டான்.

காரில வரேக்க இவர் என்னைப் பேசின பேச்சு, சேசுவே, காது குடுத்துக் கேக்கேலாது. நானும் எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு வந்தன். ஆனா பாருங்கோ தம்பி, அடுத்தநாள் காலமை வான் வந்தோடன கூப்பிட முன்னமே ஆள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசல்ல இருக்கிறார். எனக்கு நம்பேலாமல் போச்சு. என்னப்பா எண்டு கேட்டன். உடம்பு சரியா இருந்தாத்தானே அந்தக் கொம்பஸ் வேலையைப் பாக்கலாம் எண்டார். அதுக்குப் பிறகு ஒரு நாளும் விடேல்லை. தண்ணியும் அளந்து குடிச்சார். உப்பில்லாத சோத்தையும் முகத்தைச் சுழிச்சுச் சுழிச்சுத் திண்டார். கொம்பஸ் வேலை முடிய, கேபிளொண்டு தேஞ்சிருக்கெண்டு கண்டுபிடிச்சாங்கள். நான் குசினிக்குள்ள நிண்டு மாதாவுக்கு நன்றி சொன்னன். பிறகு கிழவன் ஓய்வெடுத்திட்டான், ஆள் கிடைக்காமல் இன்னும் கொஞ்சம் இழுபட்டுது. அதுவும் எனக்கு நல்லதாப் போச்சு. இப்ப நீங்கள் வந்திட்டீங்கள்.

இல்லைத் தம்பி, பறந்தா உடம்புக்குக் கூடாதெண்டில்லை. அரை மணித்தியாலம் கிறெக்கோட போய்வந்தா ஒண்டும் செய்யாதெண்டு டொக்டரே சொல்லிப்போட்டார்.

அந்தா றெயினம் ஊரும் தாண்டிட்டம். இனிக் கிட்டத்தான்.

போன கிழமை நான் மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். நீங்கள் போன் எடுத்துத் திகதி சொன்ன அண்டைக்குத்தான். இவர் வந்து கதிரையை மேசைக்குக் கிட்ட விட்டிட்டுச் சொல்லுறார், றஜீனா, ஒருக்கா மேல போய் என்ர கையால திருப்பி இறக்கிப்போட்டு வந்தனெண்டா, அதோட உந்த மிஷினுக்குப் போறதை நான் விடப்போறன், எனக்கு அலுத்துப்போச்சு எண்டு. கோபத்தில சொல்லேல்லை. மழை வரும்போல கிடக்கு எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னார். விட்டா ஒரு கிழமைதான் உயிர் நிக்கும், மிஞ்சினா ரெண்டு. அவருக்கு அது தெரியும்.

டொக்டரிட்ட ஓடினன். அது அவற்ர உரிமை, நாங்கள் கட்டாயப்படுத்தேலாது எண்டு ஒரு கிளாஸ் தண்ணி தந்தார். பாதரிட்டப் போனன். பாவமெண்டு சொல்லி வெருட்டுவார், அதுக்காவது மனிசன் பயப்படும் எண்டு நம்பிப் போனனான். அவர், இல்லை றஜீனா, தாங்கேலாத வைத்தியத்தை நிப்பாட்டுறது பாவமில்லை எண்டிட்டார். மகளிட்டச் சொன்னன். அவளுக்கு அப்பா முதலே சொல்லியிருக்கிறார். அம்மா, அப்பான்ர விருப்பம் எண்டு சொல்லிப்போட்டுப் போனுக்குள்ள அழுறாள். எல்லாரும் ஓமெண்டிட்டினம் தம்பி. இல்லையெண்டு சொல்லக்கூடிய ஆள் எண்டு இப்ப நீங்கள் ஒராள்தான் மிச்சம்.

பொய் சொல்லுங்கோ எண்டு கேக்கேல்லை. உங்கட தொழில், உங்கட பேர், எனக்கு விளங்குது. ஒரு சின்னப் பிழை, ஒரு நட்டு, ஒரு கீறல், ஏதும் கண்ணில பட்டா விட்டிடாதேங்கோ எண்டுதான். ஒரு வேலையைக் குடுத்திட்டுப் போங்கோ. அதை முடிக்கும் மட்டும் அவர் ஆஸ்பத்திரி வானில ஏறுவார். முடிய இன்னொண்டைக் கண்டுபிடியுங்கோ.

என்ன, என்ன சொன்னனீங்கள்?

போட்டோ எல்லாம் முதலே பாத்தனீங்களோ? லிவர் பூட்டினதும் கேபிள் மாத்தினதும் அனுப்பினவரோ? ம். ஒண்டும் இல்லையோ. ஒரு பிழையும். நீங்கள் இவ்வளவு காலமும் பாத்ததுக்குள்ள இவ்வளவு வடிவான வேலை காணேல்லையோ?

ஓம் தம்பி. கைவேலையில அந்த மனிசனை ஒருத்தரும் குறை சொல்லேலாது.

இந்தா, வந்திட்டம். அந்த நீலச் சட்டைக்காரர்தான் அவர், கையைக் காட்டுறார். இறங்குங்கோ. இப்ப சொன்னனீங்களே, அதைப் போய் அவரிட்டையே சொல்லுங்கோ. சந்தோசப்படுவார்.