பழனாத்தா முழுங்கின கல்லு

ரயிலுன்னு ஒண்ணு எங்க சீமைப்பக்கம் எட்டிப் பாக்காத காலம் அது. பூலாங்காட்டுவலசுன்னு ஒரு ஊரு. அந்த ஊருல சென்னியப்பன்னு ஒரு பண்ணயக்காரரு இருந்தாரு. அவரு பொண்டாட்டி பழனாத்தா. ரெண்டும் பொட்டப்புள்ளைங்க. மூத்தவ ராக்கியாத்தா, எளையவ தெய்வாத்தா. சென்னியப்பன் நல்ல மனுசன். யாரு என்ன சொன்னாலும் 'ஆமாங்'கும்பாரு. அந்த ஆமாங்குதான் அந்த வீட்டுக்கு வெனையா வந்துச்சுன்னு சொல்லுவாங்க.

மூத்தவ ராக்கியாத்தாளைக் கட்டிக் குடுக்கறப்ப ரெண்டு காதுக்கும் ஏழுகல் வைரத்தோடு போட்டு அனுப்புனாங்க. வித்தவன் வைரம்னு சொன்னதுக்குச் சென்னியப்பன் 'ஆமாங்'குன்னு வாங்கியாந்த தோடு அது. ஒரு வருசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் வலக்காதுத் தோட்டுல ஒரு கல்லு ஆடுச்சு. மாமியாக்காரி தன் ஊரு ஆசாரியைக் கூப்பிட்டு இறுக்கச் சொன்னா. ஆசாரி கல்லைக் கழட்டுனாரு, வெளிச்சத்துல பாத்தாரு, திருப்பிப் பாத்தாரு, கீழ வெச்சுப்போட்டாரு.

"அம்மா, இது வைரம் இல்லீங். கண்ணாடிங்" அப்படின்னாரு.

அவ்வளவுதான். மருமக காதுல கெடந்த இன்னொரு தோட்டை மாமியாக்காரி தன் கையாலயே திருகிக் கழட்டுனா. அவ மடியிலயே போட்டா. அன்னைக்கே வண்டியில ஏத்தி அனுப்பிப்போட்டா. வெறுங்காதோட வந்து எறங்குன ராக்கியாத்தா நாலு வருசமாப் பொறந்த வீட்டுலதான் கெடந்தா. கேணிக்குத் தண்ணிக்குப் போனா, "ஏ கண்ணாடி, மெதுவா நட புள்ளே, விழுந்தா ஒடைஞ்சுருவே" அப்படிம்பாளுக. அவ காதை முந்தானையில மூடிக்கிட்டு வந்துருவாளாம்.

இப்படி இருக்கறப்ப எளையவளுக்குச் சம்பந்தம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நல்லவங்கதான். ஆனா மூத்தவ கதை அவிங்க காதுக்கும் போயிருந்துச்சு. "தோடு போடறப்ப எங்க ஆசாரி பக்கத்துல நிப்பாரு. அவரு தலையாட்டுனாத் தாலி. இல்லைன்னா வந்த வண்டியைத் திருப்பிருவோம்" அப்படின்னுட்டாங்க. சென்னியப்பன் 'ஆமாங்'குன்னுட்டு வந்துட்டாரு.

ரெண்டு சோடிக் காளையை வித்தாரு. கல்லுத்தரகர் ஒருத்தருக்குச் சொல்லி அனுப்புனாரு. வைத்திலிங்கம்னு பேராம் அந்தாளுக்கு, எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது. பங்குனி மாசம், உச்சி வெயிலு. ஊருக்கு நடுவுல ஒரு இலுப்பை மரம். வைரத்தை வெயில்லயும் பாக்கக் கூடாது, வீட்டு இருட்டுலயும் பாக்கக் கூடாது, நெழல்ல பகல் வெளிச்சத்துல பாக்கோணும்னு சொல்லி, தரகர் அந்த மரத்தடியிலயே சமுக்காளத்தை விரிச்சு உக்காந்தாரு. ஊரே கூடிப்போச்சு. கூட்டத்துக்குப் பின்னால, காதை மூடிக்கிட்டு, ராக்கியாத்தாளும் நின்னா.

தரகர் வெள்ளைக் காகிதத்தைப் பிரிச்சாரு. பதினாலு கல்லு. பாத்தவிங்க கண்ணு கூசிப்போச்சாம்.

"பாருங்க, காக்காக்கால் மாதிரி கீறல் இருக்குதா? இல்லை. கருப்புப் புள்ளி இருக்குதா? இல்லை. உள்ளுக்குள்ள நீலம் ஓடுது பாருங்க" அப்படின்னாரு.

"ஆமாங்" அப்படின்னாரு சென்னியப்பன்.

"மூச்சை ஊதிப் பாக்கறேன். கண்ணாடின்னா ஈரம் நிக்கும். வைரத்துல நிக்காது." ஊதுனாரு. ஈரம் நிக்கலை.

பங்குனி வெயில்ல கருங்கல்லு மேல ஊதுனாலும் ஈரம் நிக்காதேன்னு ராக்கியாத்தாளுக்குத் தோணுச்சு. ஆனா கண்ணாடித்தோட்டுக்காரி வைரத்தைப் பத்திப் பேசுனா யாரு கேப்பாங்க? முந்தானையை இன்னும் இறுக்கிக்கிட்டா.

அப்பறம் தரகர் ஒரு மொகம் பாக்கற கண்ணாடியை எடுத்து, அதுல கல்லை வெச்சு இழுத்தாரு. கிரீச்சுன்னு கோடு விழுந்துச்சு. "கண்ணாடி கண்ணாடியைக் கீறுமா? நீங்களே சொல்லுங்க."

ஊரு ஆசாரி மாரப்பனும் அங்கதான் இருந்தாரு. பழனாத்தா அவரு மொகத்தைப் பாத்தா. அவரு கையை விரிச்சாரு. "தங்கம்னா நான் அடிச்சுச் சொல்லுவனுங். வைரம் நமக்குப் பழக்கமில்லீங். எனக்குத் தெரிஞ்ச சோதனையெல்லாம் இவரு பண்ணிப்போட்டாரு" அப்படின்னாரு.

சென்னியப்பன் இடுப்புல இருந்த பையை அவுத்தாரு. அப்பத்தான் பழனாத்தா முன்னால வந்து சமுக்காளத்துக்கு எதிர்ல உக்காந்தா. கையில ஒரு செம்பு தண்ணி.

"ஏனுங்க, எனக்கு ஒரு சந்தேகமுங்."

"கேளுங்க தாயி."

"வைரத்தை முழுங்குனா உசுரு போயிருமாமா?"

தரகருக்கு ஒரே சந்தோசம். "பின்னே? கொடலைச் சல்லடையா அறுத்துப்போடும் தாயி. ரெண்டு நாழிகை தாங்காது. ராசாக்க மோதரத்துல எதுக்கு வைரம் வெச்சிருந்தாங்கங்கறீங்க? எதிரி கையில சிக்குனா முழுங்கறதுக்குத்தான். அசல் வைரத்துக்கு அதுதான் அடையாளம்."

"அப்படிங்களா" அப்படின்னா பழனாத்தா. காகிதத்துல இருந்து ஒரு கல்லை எடுத்தா. வாயில போட்டா. செம்பை அண்ணாந்து தண்ணியைக் குடிச்சா. தொண்டை ஒருக்கா ஏறி எறங்குச்சு.

ராக்கியாத்தாளுக்கு மொதல்ல வெளங்கவே இல்லையாம். அம்மா தண்ணி குடிக்கறான்னுதான் நெனச்சாளாம். அப்பறம் பாத்தா, காகிதத்துல பதிமூணு கல்லு. கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு ஓடுனா. மூடியிருந்த முந்தானை எங்க விழுந்துச்சுன்னு அவளுக்கே தெரியாது. சென்னியப்பன் காசுப்பையைக் கீழ போட்டுட்டுப் பொண்டாட்டி முதுகைத் தட்டறாரு. மாரப்ப ஆசாரி பழனாத்தா வாயில வெரலை உட்டுத் தோண்டறாரு. ஒருத்தி உப்புத் தண்ணிக்கு ஓடறா. ஒருத்தன் வைத்தியர் வீட்டுக்கு ஓடறான். எளையவ தெய்வாத்தா, "அம்மா, எனக்குக் கண்ணாலமே வேண்டாம், துப்பிரும்மா, துப்பிரும்மா"ன்னு மாரைக் கட்டிக்கிட்டு அழுகறா.

அத்தனை பேரும் அப்படி அலறிக்கிட்டிருக்க, தரகர் என்ன பண்ணாருங்கறீங்க? உக்காந்த எடத்தை விட்டு அசையலை. மிச்சக் கல்லைக் காகிதத்துல மடிச்சாரு.

"பதறாதீங்க. ஒண்ணும் ஆகாது. காலையில கொல்லைப்பக்கம் போறப்ப வந்துரும். கழுவி எடுத்துவெச்சிருங்க, மத்ததோட சேத்துக்கலாம்" அப்படின்னாரு.

கத்துன வாயெல்லாம் தொறந்தபடியே நின்னுபோச்சுன்னு சொல்லுவாங்க. 

பழனாத்தா ஆசாரி கையைத் தள்ளிவிட்டுட்டு வாயைத் தொடைச்சா. "என்னங்க சொன்னீங்க?"

அப்பத்தான் அந்தாளுக்குத் தான் சொன்னது தன் காதுல விழுந்துச்சு. "அது வந்துங் தாயி, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காதுங்க. உங்க ஒடம்பு நல்ல ஒடம்பு."

நாலு பேரு கையை ஓங்கிக்கிட்டுப் போனாங்க. பழனாத்தா தடுத்தா. "அடிக்காதீங்க. உக்காரட்டும். வெயில்ல ஒரு குச்சியை நட்டு நெழல் பாருங்க. ரெண்டு நாழிகை. நான் செத்தா அது வைரம். காளை வித்த காசைக் குடுத்து வாங்கிருங்க. தெய்வாத்தா காதுல தோட்டைப் போட்டு உட்டுட்டு, அப்பறம் என்னைத் தூக்குங்க" அப்படின்னா.

இப்படிக்கூட ஒரு பொம்பளை பேசுவாளான்னு ஊரு வெலவெலத்துப்போச்சு.

குச்சியை நட்டு, ரெண்டு நாழிகைக்கு நெழல் வர்ற எடத்துல ஒரு கோடு கிழிச்சாங்க. ராக்கியாத்தா அம்மா கையைப் புடிச்சுக்கிட்டா. கை சில்லுன்னு இருந்துச்சு. நெழல் நகரறதையும் அம்மா மூச்சையும் மாத்தி மாத்திப் பாத்தா. அம்மா ஒருக்கா இருமுனா. ஊரே ஒரு அடி பின்னால போச்சு. அந்தாளுக்கு வேர்த்து வேர்த்துச் சட்டை ஒட்டிக்கிச்சு. பொம்பளை செத்தா வைரம் வித்தவனா வீட்டுக்குப் போலாம். சாகாட்டி என்ன ஆவம்னு தெரியலை. அவ சாகோணும்னு அந்தாளு வேண்டிக்கிட்டதை நான் கண்ணால பாத்தேன்னு ராக்கியாத்தா கடைசி வரைக்கும் சொல்லுவாளாம்.

நெழல் கோட்டைத் தாண்டுச்சு. பழனாத்தா எந்திரிச்சு சேலையை ஒதறுனா.

"பசிக்குது. சோறு இருக்குதா புள்ளே?" அப்படின்னா ராக்கியாத்தாகிட்ட.

திரும்பிப் பாத்தா, சமுக்காளமும் கல்லும்தான் கெடந்துச்சு. ஆளைக் காணம்.

அடுப்படியில சோத்தைப் போட்டுவெச்சு ராக்கியாத்தா கேட்டாளாம், "ஏம்மா, கண்ணாடின்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"முழுங்கறப்பத் தெரியாது புள்ளே. தண்ணி உள்ள போனதுக்கப்பறம் எல்லார் மூஞ்சியையும் பாத்தேன். அந்தாளு மூஞ்சியையும் பாத்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது."



சேதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போச்சு. மாப்பிள்ளையோட அம்மாவே வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க. "நம்ம ரெண்டு வீட்டு ஆசாரியும் ஒண்ணாப் போயி வாங்கிட்டு வரட்டும். கல்லு கெடைக்கற வரைக்கும் நாங்க பொறுக்கறோம்" அப்படின்னாங்க. ஆனி மாசத்துல தெய்வாத்தா கண்ணாலம் நடந்துச்சு. ராக்கியாத்தா பழைய புருசன் வீட்டுக்குப் போகலை. ஆனா அதுக்கப்பறம் அவ காதை மூடிக்கிட்டு நடந்ததை யாரும் பாக்கலையாம்.

கூர்ப்பாத் தீட்டுனாக் கண்ணாடியும் கண்ணாடியைக் கீறுமாம். வைரத்தை முழுங்குனாச் சாகறதுங்கறது சும்மா பேச்சு, அது விசமில்லைன்னு இப்பப் படிச்சவிங்க சொல்றாங்க. இருக்கட்டும். அன்னைக்கு அந்த மரத்தடியில இருந்த ஒருத்தருக்கும் அது தெரியாது. பழனாத்தாளுக்கும் தெரியாது. வித்தவனுக்கும் தெரியாது. அதைத்தான் நெனச்சுப் பாக்கோணும்.

அந்த இலுப்பை மரத்தடிக்குப் 'பதறாதான் நெழல்'னு பேரு வந்தது அப்படித்தான். இன்னைக்கும் அந்த ஊருப் பொம்பளைங்க டவுனுக்கு வைரம் வாங்கப் போனா, சர்டிபிகேட்டு, லென்சு எல்லாம் பாப்பாங்க. பாத்துப்போட்டு, கடைசியா ஒரு கல்லை எடுத்து ஒதட்டுக்கிட்டக் கொண்டுபோயி, கடைக்காரர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. அவரு நாற்காலியைத் தள்ளிவிட்டு எந்திரிச்சு, "ஐயோ வேண்டாம் தாயி"ன்னு கையைப் புடிச்சாத்தான் பையை அவுப்பாங்க. உக்காந்தே இருந்தாருன்னா, கல்லை அவரு முன்னாலயே வெச்சுட்டு எறங்கி வந்துருவாங்க.